கிணற்றில் பிறந்த பனியன்

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கொட்டித் தீர்த்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வருவது பெரும்பாலும் காற்றுதான். வடகிழக்குப் பருவமழையோ சோழ நாட்டைக் கடந்து இங்கே வருவதற்குள் களைத்துப்போகும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெய்கிற வருஷம் பெய்யும், பெய்யாத வருஷம் பெய்யாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு கோயமுத்தூர், பல்லடம், அவிநாசி, காங்கேயம் வட்டாரங்களில் விவசாயம் செய்தவருக்கு வானத்தை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை என்பது சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. அவர் தரையைப் பார்த்தார். அங்கே இருந்தது பாறை.

கிணறு வெட்டுவதென்றால் ஒரு குடும்பத்தின் வாழ்வையே பணயம் வைப்பதுதான். நீரோட்டம் பார்ப்பவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு காட்டில் நடப்பார். கோயிலில் பூக்கேட்பார்கள். சாமியின் உத்தரவு கிடைத்ததும் கடப்பாரை விழும். மேல்மண் சுலபமாகப் போய்விடும். பிறகு வேட்டு வைத்துப் பாறையை உடைக்க வேண்டும், உடைத்த கல்லை மேலே ஏற்ற வேண்டும். நாற்பது அடியில் ஈரம் காட்டி, ஐம்பது அடியில் காய்ந்துபோகிற நிலம் இது. நகையும் மாடும் போய்க் கடனும் ஏறிய பிறகு, அறுபதாவது அடியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இதோடு விட்டுவிடுவதா, இன்னும் பத்தடி போவதா?

இந்தக் கேள்விக்கு ஒருவரே தனியாகப் பதில் சொல்லிவிட முடியாது. பங்காளிகள் சேர்ந்து வெட்டினார்கள். கிணற்றில் நாலில் ஒரு பாகம், எட்டில் ஒரு பாகம் என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் வந்தால் முறை வைத்து, எருது பூட்டிக் கவலை இறைத்தார்கள். வராவிட்டால் நட்டமும் அதே கணக்கில் பிரிந்தது. என்ன நடக்கும் என்று தெரியாத காரியத்தைப் பாகம் போட்டுச் செய்வது இந்த மண்ணின் பழக்கமாயிற்று. ஆனால் இறவைக்குத் தோல் தும்பி தைத்துக் கொடுத்தவரின் பெயரும், விடியும் முன்னரே எருதுகளை ஓட்டிய பண்ணையாளின் பெயரும் அந்தப் பத்திரங்களில் இல்லை. அவர்களில் பலர் அருந்ததியர்கள். கிணறு வற்றிய வருஷம் முதலில் கூலி இழந்தவர்கள் அவர்கள்தான். பாகம் போடுகிற பழக்கம், பாகத்தில் சிலரைச் சேர்க்காத பழக்கம் இரண்டுமே பின்னால் ஒரு தொழிலுக்குள் போய் உட்காரப்போகின்றன. அந்தத் தொழில் அப்போது இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நாளை என்ன ஆகும் என்ற கேள்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கையாளும் இடம் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. காங்கேயம் அருகே சிவன்மலை முருகன் கோயிலில் இன்றும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்கு ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூக்கேட்டு உறுதி செய்துகொண்டு, அதில் வைக்கிறார்கள். மண்ணோ தண்ணீரோ எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பொருளைச் சுற்றி ஏதோ நடக்கப்போகிறது என்று சுற்று வட்டாரமே பேசும். நல்லதா கெட்டதா என்று பெட்டி சொல்வதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. நீண்ட இழை, நல்ல விலை. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். கிணறு வெட்டிய துணிச்சலுக்கு அப்போதுதான் கூலி கிடைத்தது. கொங்குத் தோட்டங்களின் பருத்தி நொய்யல் கரையில் இருந்த ஒரு சந்தை ஊருக்கு வண்டி வண்டியாக வந்து குவிந்தது. ரயில் நிலையம் இருந்த ஊர் என்பதால் கொட்டை நீக்கும் ஆலைகள் அங்கே எழுந்தன. 2009 வரை கோவை மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் திருப்பூர். ஊரெல்லாம் பருத்தி வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது, 1920களின் நடுவில் குலாம் காதர் என்பவர் பேபி நிட்டிங் என்ற பெயரில் ஒரு சின்னத் தொழிலைத் தொடங்கினார். கையால் சுற்றும் பின்னல் இயந்திரம், வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் குழாய் போலத் துணி பின்னியது. உள்ளே போட்டுக்கொள்ளும் வெள்ளை பனியனுக்கான துணி. கதர் கொடிகட்டிப் பறந்த ஊரில் அந்த இயந்திரத்தைப் பெரிதாக எண்ண அன்று காரணம் எதுவும் இருக்கவில்லை.

1932 ஜனவரியில் திருப்பூர் வேறு ஒரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. ஊர்வலத்தில் தடியடிபட்டும் கொடியை விடாத குமரன் மறுநாள் உயிர் துறந்தார். அவர் பஞ்சாலை ஒன்றில் கணக்கு எழுதியவர். அதே ஆண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் ஆலை மேல் ஆலையாக எழுந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் ஒன்றை உருவாக்கினார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று கோவை அதை இன்றும் பெருமையோடு சொல்கிறது. 1950களில் கிராமங்களுக்கு மின்சாரம் போகப் போக, கோவைப் பட்டறைகளில் செய்த மோட்டார்கள் கிணற்று மேட்டில் ஏறின. கவலை இறைத்த எருதுகளுக்கு ஓய்வு கிடைத்தது. அவற்றின் பின்னால் நடந்த இளைஞர்கள் என்ன செய்வது?

அவர்களில் பலர் திருப்பூருக்கு நடந்தார்கள். வறட்சி வந்த வருஷங்களில் இன்னும் பலர். தோட்டத்தை முழுதாக விட்டுவிடவில்லை. அண்ணன் வெள்ளாமை பார்ப்பார், தம்பி பனியன் கம்பெனிக்குப் போவார். திருப்பூரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, கம்பெனிதான். அங்கே கைமடிக்கப் பழகினார்கள், பிறகு சிங்கர் தையல், பிறகு கட்டிங். துணியை அடுக்கி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் கையில்தான் ஒரு கம்பெனியின் லாபநட்டம் இருக்கிறது என்பதைக் கூர்மையான பையன்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். முதலாளிக்குத் தெரிந்த எல்லாமே தங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று ஒரு நாள் உணர்ந்தார்கள். இல்லாதது பணம் மட்டும்தான்.

1960களில் கிணற்றுப் பத்திரம் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மாமன் மச்சான், பங்காளி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று மூன்று நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஒரு காட்டை விற்றார், ஒருவர் சீட்டு எடுத்தார், ஒருவரிடம் கட்டிங் தெரிந்த கை மட்டுமே இருந்தது. அந்தக் கைக்கும் ஒரு பாகம் போட்டார்கள். கம்பெனி ஓடினால் நால்வருக்கும் லாபம், படுத்தால் நால்வரும் ஊருக்குத் திரும்பலாம், தோட்டம் இருக்கிறது. முதலாளியான பிறகும் அவர்கள் நாற்காலிக்குப் போகவில்லை. ஒருவர் கட்டிங் மேசையில், ஒருவர் தையலில், ஒருவர் நூல் வாங்கவும் சரக்கு விற்கவும். யாருக்கு என்ன வேலை என்று எழுதிய தாள் கிடையாது. எது நின்றாலும் நிற்கிற இடத்தில் கை கொடுப்பதே விதி. ஒரு பெரிய ஆர்டர் வந்தால் இந்த ஏற்பாடு தாங்குமா என்பதை மட்டும் அதுவரை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில்தான், 1967 முதல் 1973 வரை, ஐபிஎம் நிறுவனம் தன் ஊழியர்களிடம் நாடு நாடாகக் கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்த அந்தத் தாள்களிலிருந்து டச்சு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980இல் ஒரு புத்தகம் எழுதினார். நிச்சயமற்ற நிலையைக் கண்டு ஒரு சமூகம் எவ்வளவு பதறுகிறது என்பதற்கு நாட்டுக்கு ஓர் எண் கொடுத்தார். அதை மூன்று கேள்விகளிலிருந்து எடுத்தார்: வேலையில் எவ்வளவு பதற்றம், கம்பெனி விதியை மீறலாமா, இதே கம்பெனியில் எத்தனை காலம் இருக்க எண்ணம். கிரீஸுக்கு 112, ஜப்பானுக்கு 92, இத்தாலிக்கு 75, சிங்கப்பூருக்கு 8. இந்தியாவுக்கு 40. எண் பெரிதாக இருக்கும் நாடுகளில் வேலைக்கு விதி வேண்டும், திட்டம் வேண்டும், ஒரே இடத்தில் நிலைக்க வேண்டும். எண் சிறிதாக இருக்கும் நாடுகளில் தெரியாததோடு ஒத்துப்போகிறார்கள். தேசம் முழுவதற்கும் ஒரே எண் என்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. தஞ்சை டெல்டாவின் வாய்க்கால் பாசன விவசாயிக்கும் பல்லடத்துக் கிணற்றுக்காரருக்கும் ஒரே 40 எப்படிப் பொருந்தும்? ஆனால் 75 எண் கொண்ட ஒரு நாட்டிலிருந்து ஒரு மனிதர் திருப்பூருக்கு வரப்போகிறார் என்பதால் அந்தக் கணக்கை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் திருப்பூருக்கு வந்தார். அவருக்கு வேண்டியது வெள்ளை டி-ஷர்ட். திருப்பூர் அதுவரை தைத்துப் பழகியது உள்பனியன். கழுத்து வேறு, கை வேறு, அளவு வேறு, துணியின் கனம் வேறு. துவைத்தால் சுருங்கக் கூடாது. சொன்ன தேதியில் கப்பல் ஏற வேண்டும். இதில் ஒன்றுகூட முன்னால் செய்து பார்த்ததில்லை. செய்ய முடியும் என்று ஊர் சொல்லிவிட்டது. எப்படி என்பதைப் பிறகுதான் யோசித்தார்கள்.

சரக்கு இத்தாலியில் விற்றது. அடுத்த ஆர்டர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பெரிய கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது, அதன் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். வெள்ளையோடு நிற்காமல் நிறம் கேட்டார்கள். பருத்தி விலையும் நூல் விலையும் ஏறி இறங்கின. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பீஸ்தான் என்று கோட்டா இருந்தது. தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு தைத்தவர் தலையில். நிறம் ஒரு மாத்திரை மாறியிருந்தால் மொத்தமும் திரும்பி வரும். அறுபதாவது அடியில் வரும் அதே கேள்வி இப்போது ஒவ்வொரு சீசனுக்கும் ஒருமுறை வரத் தொடங்கியது.

1990களின் பிற்பகுதியில் ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி முதலாளிகளிடம் பேசினார். எப்படி இவ்வளவு உயரம் வந்தீர்கள் என்ற கேள்விக்குத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, தங்கள் உழைப்பு. 2004இல் வந்த அவரது புத்தகம் அந்தப் பதிலை மதித்தது, அதோடு நிற்கவும் இல்லை. உழைப்பு என்பது தான் குனிந்து வேலை செய்வதும்தான், மற்றவரை வேலை வாங்கத் தெரிந்திருப்பதும்தான் என்று காட்டியது. தோட்டத்தில் பண்ணையாளோடு சேர்ந்து வெயிலில் நின்று வேலை வாங்கியவருக்கு, கம்பெனியில் தையல்காரரோடு சேர்ந்து நின்று வேலை வாங்குவது புதிதல்ல. கூட நிற்கிற முதலாளியிடம் கூலி உயர்வு கேட்பது, தூரத்தில் இருக்கிறவரிடம் கேட்பதைவிடச் சிரமம். இருந்தும் 1984இல் கேட்டார்கள்.

பஞ்சப்படி கேட்டு அந்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. தொழிற்சங்கங்கள் வலுவாக நின்றன, ஊரே நின்றது. சனிக்கிழமை தோறும் கூலி வாங்கிப் பழகிய குடும்பங்கள் நான்கு மாதத்துக்கும் மேல் சனிக்கிழமை இல்லாமல் இருந்தன. நிறுத்தம் முடிந்து இயந்திரங்கள் மீண்டும் ஓடியபோது, முதலாளிகள் பாடம் ஒன்றைக் கற்றிருந்தார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்நூறு பேர் இருந்தால் ஐந்நூறு பேரும் சேர்ந்து நிற்பார்கள். கூரையைப் பிரித்துவிட்டால்?

பிரித்தார்கள். நிட்டிங்குக்கு ஒருவர், பிளீச்சிங்குக்கு ஒருவர், சாயத்துக்கு ஒருவர், காம்பாக்டிங்குக்கு ஒருவர். பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங் ஒவ்வொன்றும் தனித்தனி இடம். தையலுக்கு வீதிக்கு வீதி பவர் டேபிள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஜாப் ஒர்க். ஏற்றுமதியாளர் கையில் ஆர்டரும் கடன் கடிதமும் இருக்கும். மற்றதெல்லாம் ஊருக்குள் சுற்றி வரும். இப்படித்தான், யாரும் வரைபடம் போடாமல், அந்தப் பொருள் பிறந்தது. லண்டனிலோ மிலானிலோ சென்னையிலோ கடையில் மடித்து வைத்திருக்கும் சாதாரண பருத்தி டி-ஷர்ட். பிரித்துப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு பேர் பாகம் போட்டு வாங்கிக்கொண்ட ஆபத்து அதில் இருக்கிறது. ஆர்டர் இரட்டிப்பானால் இரண்டு பவர் டேபிள் கூடுதலாகப் பிடிப்பார்கள். பாதியானால் இரண்டை விட்டுவிடுவார்கள். திரும்பி வந்த சரக்கும் வீணாகாது, ஊருக்குள்ளேயே காதர்பேட்டைச் சந்தையில் செகண்ட்ஸ் என்று விலை போகும். 1985இல் சில கோடிகளில் இருந்த ஏற்றுமதி மளமளவென்று ஏறியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் எந்தச் சிறு நகரமும் இவ்வளவு வேகமாக உலகச் சந்தைக்குள் போனதில்லை என்று ஊர் நிமிர்ந்து நின்றது. கணக்கில் வராத ஒரு பாகஸ்தர் மட்டும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் சேரும் ஆறு. நிறம் கேட்ட ஐரோப்பாவுக்குத் திருப்பூர் நிறம் கொடுத்தது, மிச்சத்தை ஆற்றில் விட்டது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்காக ஓர் அணை கட்டித் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அது சாயக் கழிவு தேங்கும் குளமாயிற்று. உப்பு மண்ணில் இறங்கியது, கிணறுகளில் இறங்கியது. முப்பாட்டன் வேட்டு வைத்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருந்தது, தென்னைக்கு விட முடியவில்லை, மாடு குடிக்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் இடம் இது. கிணற்று விவசாயிகளின் பிள்ளைகள் எழுப்பிய தொழில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த கிணற்று விவசாயிகளைக் கைவிட்டது. அவர்கள் பூக்கேட்கப் போகவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே அடியில் நின்றன. சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. சிலர் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டார்கள், சிலர் கடையை மூடினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயில் ஏறினார்கள். திருப்பூர் முடிந்தது என்று பேசாத ஆள் இல்லை.

முடியவில்லை. கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தை, செலவு எவ்வளவு ஏறினாலும், கொண்டுவந்தார்கள். இத்தனை ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம், செலவில் ஆளுக்கு இவ்வளவு பாகம் என்று இங்கேயும் கிணற்றுக் கணக்கே கை கொடுத்தது. இன்று அந்த நீரில் பெரும்பகுதி மறுபடி சாயத்துக்கே போகிறது. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். அந்தக் கணக்கு முடிந்த ஐந்தாவது மாதமே அடுத்த இடி விழுந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்போது அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏற்றுமதியாளர்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கினார்கள்: பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று புதிய வாசல்கள், தள்ளுபடிகள், வங்கியிடம் அவகாசம். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அது நான்கு தலைமுறைகளாகப் பாறையில் பழகியது. ஆனால் ஆர்டர் குறையும் வாரத்தில் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வேலை வராது, யூனிட்டுக்கு வராவிட்டால் பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு ஒன்றரை ஷிப்ட் அரை ஷிப்டாகும், பிறகு அதுவும் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கும் அதே கதிதான். ஊரே சேர்ந்து தாங்கும் ஆபத்தில் மிகப் பெரிய பாகம் இவர்கள் தலையில் விழுகிறது, லாபத்தில் இவர்களுக்குப் பாகம் இல்லை.

திருப்பூரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். தையலுக்கு இவ்வளவு, கட்டிங்குக்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதுவார்கள். அடுத்த ஒப்பந்தத்தில், ஆர்டர் இல்லாத வாரத்துக்கும் ஒரு கூலி என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவை ஏற்றுமதியாளரும் ஜாப் ஒர்க்காரரும் வெளிநாட்டுக் கடைக்காரரும் பாகம் போட்டுக்கொள்ளட்டும்.